பிழைக் காசா, அடிபட்ட காசா?

சில காசுகள் மற்ற காசுகளைப் போல இருப்பதில்லை. ஒன்றில் படம் ஓரமாக ஒதுங்கியிருக்கும். ஒன்றில் குறுக்கே ஒரு கோடு ஓடும். இன்னொன்றில் விளிம்பு கடித்தது போல இருக்கும்.

இவற்றில் சில, காசு செய்யும்போதே ஏற்பட்ட பிழைகள். காசு சேகரிப்பவர்கள் அவற்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது உண்டு. மற்றவை பின்னால் அடிபட்ட காசுகள். அவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி?

காசு பிறக்கும் விதம்

இந்திய அரசின் நாணயச் சாலைகள் நான்கு. அவை மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய ஊர்களில் உள்ளன.

அங்கே உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையையும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து இயந்திரம் ஓங்கி அழுத்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் பதிகிறது.

இந்த வேலையில் நேர்ந்த தவறுதான் பிழை. வேலை முடிந்த பின் நேர்ந்தது சேதம்.

மேடா, பள்ளமா?

அச்சில் விரிசல் விழுவது உண்டு. அழுத்தும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகும். அதனால் காசில் கோடு மேடாக எழும். இது பிழை.

ஆணியோ கல்லோ கீறினால் கோடு பள்ளமாக விழும். எழுத்தையும் படத்தையும் அறுத்துக்கொண்டு போகும். இது சேதம்.

வில்லை வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் மறுபடி வெட்டு விழலாம். அப்போது பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். அப்படிப்பட்ட காசில், குறைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு நன்றாகவே இருக்கும். ராவிய தடமும் தெரியும்.

ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறி பிழை அல்ல. அது நாணயச் சாலையின் அடையாளம். புள்ளி நொய்டாவுக்கு. நட்சத்திரம் ஐதராபாத்துக்கு. வைர வடிவம் மும்பைக்கு. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

நல்ல படம் எடுங்கள்

காசை அனுப்பாமலே, அதன் படத்தை விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். ஆனால் படம் தெளிவாக இருக்க வேண்டும்.

1. காசைத் தேய்க்காதீர்கள். புளி போட்டு விளக்காதீர்கள். தேய்த்தால் அதுவே புதிய சேதம்.

2. பளிச்சென்று மின்னும் விளக்கை அணைத்துவிடுங்கள். அது கோட்டை மறைத்துவிடும். சன்னல் ஓரத்தில், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி காசை வையுங்கள்.

3. செல்பேசியை ஆடாமல் பிடியுங்கள். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் எடுங்கள்.

4. காசைச் சற்றுத் திருப்பி வைத்து மறுபடியும் எடுங்கள்.

ஏன் இரண்டாவது படம்? படத்தில் மேடு பள்ளம் போலவும், பள்ளம் மேடு போலவும் தோன்றி ஏமாற்றும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. காசில் எழுத்துகள் மேடாக இருக்கும். அவற்றின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். கோட்டின் நிழலும் அதே பக்கம் விழுந்தால் கோடு மேடு. எதிர்ப் பக்கம் விழுந்தால் பள்ளம். இரண்டு படத்திலும் ஒரே விடை வந்தால் நம்பலாம்.

ஏமாறாதீர்கள்

“உங்கள் காசு பல லட்சம் பெறும். முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்று சிலர் சொல்வார்கள். இப்படிப்பட்ட மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. பழைய காசு, நோட்டு விற்பனைக்கு ரிசர்வ் வங்கி கட்டணமோ தரகோ கேட்பதில்லை. தன் பெயரில் வசூலிக்க எவருக்கும் அனுமதி தரவும் இல்லை.

காசை விற்க நினைப்பவர் முன்பணம் கட்டத் தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.