நந்தனாராக நடித்த பெண்

கொல்லிமலை நேயர்களே, ஒரு கேள்வி. தமிழ்ப் படத்தில் ஆண் வேடம் போட்டு, அதற்கு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய நடிகை யார் தெரியுமா?

நம்ம மலைக்கு மேற்கே, காவிரிக் கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள்தான்! சின்ன வயதில் ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. அந்தக் குரலே அவரை நாடக மேடைக்குக் கூட்டிப் போனது. மைக் இல்லாத காலம் அது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும்படி, உச்ச சுருதியில் பாடுவார்.

கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்ததும், வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கிவிட்டார். அவரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்திய படம்தான் 1935-ல் வெளியான 'பக்த நந்தனார்'. நந்தனாராக இவர், எதிரே வேதியராகச் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பாட்டுக்குக் கேட்கவா வேண்டும்!

பின்னாளில் திரையில் ஔவையாராக வந்ததும் இவரே. நடிப்பு வேறு, பாட்டு வேறு என்று பிரிக்கவே முடியாத கலைஞர். இவர் பாட்டு வானொலியில் வரும்போது, கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று கவனியுங்கள்!