முதல் ஊசிக்கு முன் ஒரு மில்லி ரத்தம்

பிறந்து 28 நாள் ஆகாத பச்சிளங்குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று சொல்ல முடியாது. பால் குடிக்க மறுக்கும், கை கால் அசைவு குறையும், மூச்சு வாங்கும், பல நேரம் உடம்பு சூடாவதற்குப் பதில் சில்லிட்டுப் போகும். ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் என்ற நிலை சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். அதனால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்குகிறார். தொடங்குவது சரிதான். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்ற இடங்களில்தான் தவறு நேர்கிறது.

முதலில் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற பழைய, மலிவான இரட்டை மருந்து. இரண்டும் சேர்ந்து பல வகைக் கிருமிகளைத் தாக்கும். ஆனால் பச்சிளங்குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முழு வேலைக்கு வரவில்லை. மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். ஜென்டாமைசின் உடம்பில் தேங்கினால் சிறுநீரகமும் காதும் கெடும். ஆகவே முதல் வாரத்தில், சரியான எடையோடு பிறந்த குழந்தைக்கு, கிலோவுக்கு 5 மி.கி. வீதம் நாளுக்கு ஒரே முறை போடுவார்கள். எடை குறைந்த குழந்தைக்கு அளவும் குறையும். 3 கிலோ குழந்தைக்கு 15 மி.கி. வேண்டும். 2 மில்லியில் 80 மி.கி. உள்ள குப்பி என்றால் அரை மில்லிகூட ஏற்றக் கூடாது, 0.375 மில்லிதான் கணக்கு. அதே 2 மில்லியில் 20 மி.கி. மட்டுமே உள்ள குழந்தைகள் குப்பி என்றால் 1.5 மில்லி. இரண்டையும் மாற்றி எடுத்தால் அளவு நான்கு மடங்கு பிசகும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் லேபிளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டாம் முறை படிப்பது இதற்காகத்தான்.

பெரியவர்களுக்கு ஒத்துவரும் மருந்து குழந்தைக்கும் ஒத்துவரும் என்ற எண்ணம் முன்பே உயிர்களைப் பறித்திருக்கிறது. குளோராம்பெனிகால் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். கல்லீரல் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாததே காரணம். இன்று தாராளமாகப் புழங்கும் செஃப்ட்ரியாக்சோனும் மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கு ஆகாது. கால்சியம் கலந்த டிரிப் ஏறும்போது அதைப் போடவே கூடாது.

எந்த மருந்து பலிக்கும் என்பதைக் கிருமிதான் சொல்ல வேண்டும். அதற்கு வழி, ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்: முதல் ஊசிக்கு முன்பே, குறைந்தது 1 மில்லி ரத்தம். உள்ளங்கை அளவுக் காலில் நூல் போன்ற ரத்தக்குழாயைத் தேடி, கைகளைக் கழுவி, தோலை ஆன்டிசெப்டிக்கால் துடைத்து, அது உலரும்வரை பொறுத்து எடுக்க வேண்டும். பொறுமை இல்லாமல் எடுத்தால் தோலில் இருக்கும் கிருமியே கல்ச்சரில் வளர்ந்து மருத்துவரைத் திசைதிருப்பும். ஊசி போட்டபின் எடுத்தாலோ, ஒன்றும் வளராமல் போகலாம்.

இந்தியாவில் இதன் அவசரத்தைக் காட்டியது டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து, 2016-இல் வெளியான ஆய்வு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த 13,530 பச்சிளங்குழந்தைகளில் 14.3 சதவீதத்தினருக்கு செப்சிஸ். அதிகம் கண்ட கிருமிகளில் அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும் கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு மசியாதவை. செப்சிஸ் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கும் இது அன்னியமல்ல. கார்பபெனெம் என்ற வலுவான மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்.-1 கிருமிகளைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012-இல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான செயல்திட்டம் வகுத்ததும் சென்னையில்தான். அதன் பெயர் சென்னைப் பிரகடனம்.

தொடங்கிய மருந்தை நிறுத்துவதற்குத் தொடங்குவதைவிட அதிகத் துணிவு வேண்டும். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் ஊசியை நிறுத்திவிடலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஏழு நாள் நீட்டிப்பது பாதுகாப்பு ஆகாது. குடலின் நல்ல கிருமிகள் அழியும், வார்டில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். சற்று வளர்ந்த குழந்தைகளுக்கும் இதே நியாயம். சளி, வைரஸால் வரும் இளைப்பு, நீர்போன்ற சாதாரண வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஆன்டிபயாடிக் உதவாது. வயிற்றுப்போக்குக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை மருந்துக் கடைகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 அட்டவணை விதி 2014 முதல் நடப்பில் உள்ளது.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் வட்டாரத்தில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ.தான். அஞ்செட்டி மலைக் கிராமத்தில் பிறந்த குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால் தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று மாறி, ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, கடைசியில் பெங்களூரு மருத்துவமனைக்கும் போக நேரலாம். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பத்தின் குழந்தை என்றால், கையில் சீட்டோடு நிற்கும் தகப்பனுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. போட்ட ஊசியின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத நிலையில் அடுத்த மருத்துவமனை இன்னும் வலுவான மருந்துக்குத் தாவுகிறது. அல்லது காலையில் போட்ட ஜென்டாமைசினை மாலையில் மறுபடியும் போட்டுவிடுகிறது.

ஆகவே ஆம்புலன்ஸில் ஏறும் குழந்தையோடு போகும் பரிந்துரைச் சீட்டில் மருந்தின் பெயர், மி.கி. கணக்கில் அளவு, கடைசி ஊசி போட்ட தேதியும் மணியும், குழந்தையின் எடை, கல்ச்சர் எடுத்தாயிற்றா இல்லையா என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஓசூரில் எடுத்த ரத்தத்தின் முடிவு வருவது இரண்டு நாள் கழித்து. அதற்குள் குழந்தை வேறு மாநிலத்து வார்டில் படுத்திருக்கும். அதனால் அந்தச் சீட்டின் அடியில் ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணும் வேண்டும்.