மழை நாளும் நெசவு நாள்தான்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏறக்குறைய அதே நாட்களுக்கு அரபு மக்களிடம் 'வஸ்ம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை நீளும் பருவம் அது. அந்த நாட்களில் நல்ல மழை விழுந்தால்தான் பாலைவனத்தில் புல் முளைக்கும், மண்ணுக்கடியில் காளான் பிடிக்கும், ஒட்டகத்துக்கு மேய்ச்சல் கிடைக்கும் என்பது பதூவின் மக்களின் கணக்கு. கடல் தாண்டி வந்த நமக்கு மழையின் மாதம் மாறவில்லை, அளவுதான் மாறிவிட்டது. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது. அமீரகத்தின் சராசரி 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

ருவைஸில் மழை வந்தால் என்ன நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரவுண்டானாவில் தண்ணீர் தேங்கும். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வெங்காய பஜ்ஜி படம் வந்து விழும். எனக்கு மட்டும் மழை முதலில் விரலில் தெரியும். ஏனென்றால் என் வேலை நூலோடு. ஜன்னலோரம் ஒரு சின்ன மரச்சட்டத் தறி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிப் பஸ் ஏறிய பிறகு மதியம் வரை, சுவரில் மாட்டும் துணிகளை அதில் நெய்கிறேன். குளிர்காலத்தில் கடலோர ஈரம் ஏறும்போது பருத்திப் பாவு இழுத்துப் பிடிக்கும், கம்பளி நூல் தொய்ந்துபோகும். பருத்தி இழைக்கு ஈரம் பட்டால் வலு கூடும். கம்பளிக்கும் பட்டுக்கும் குறையும். நெசவு தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்திதான்.

இந்த ஈரத்தை இரண்டு தறிகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒன்று நான் வாழும் அல் தஃப்ரா பகுதியின் தறி. இன்னொன்று என் சொந்த ஊரான பவானியின் தறி.

சுருட்டி எடுத்துப் போகும் தறி

அமீரகத்தின் பதூவின் பெண்கள் செய்துவந்த நெசவுக்கு 'சது' என்று பெயர். ஆண்கள் ஆடு, செம்மறி, ஒட்டகத்தின் ரோமத்தைக் கத்தரிப்பார்கள். அதைச் சுத்தம் செய்வது, தக்களியில் நூற்பது, சாயம் ஏற்றுவது, நெய்வது எல்லாம் பெண்களின் வேலை. தறி தரையிலேயே படுத்திருக்கும். நான்கு முளை, சில கம்புகள், அவ்வளவுதான். ஊடையை நெருக்கித் தட்டுவதற்கு மான் கொம்பு வைத்துக்கொள்வார்கள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, சிவப்பு என்று நீளப் பட்டைகள். பட்டைக்குள் முக்கோணமும் கட்டமும். கண்ணுக்குத் தெரிவது முழுக்கப் பாவு நூல்தான், ஊடை உள்ளே மறைந்துவிடும்.

லிவா பேரீச்சந்தோப்புகளில் கோடையைக் கழித்துவிட்டு, குளிர்காலத்தில் ஒட்டகங்களோடு மணலுக்குள் போவது இந்தப் பகுதி மக்களின் பழைய வாழ்க்கை. மழைக்காலத்தில் அவர்களுக்குக் கூரை என்றால் அந்தப் பெண்கள் நெய்த ஆட்டுரோமத் துணிதான். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெயிலில் அந்தத் துணியின் இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து போகும். மழை பட்டதும் ரோமம் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடம் சொட்டலாம், பிறகு நீர் உள்ளே வராது. ஈரத்தை எதிரியாக நினைக்காமல், அதையே துணைக்குச் சேர்த்துக்கொண்ட நெசவு இது.

மதீனத் சயீதில் 2008 முதல் குளிர்காலத்தில் அல் தஃப்ரா திருவிழா நடக்கிறது. ஒட்டகங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். நான் போவது அங்குள்ள பாரம்பரியச் சந்தைக்கு. ஒரு வருடம் அங்கே தரையில் தறி விரித்திருந்த ஒரு வயதான அம்மாவிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கேட்டேன்: "காலா, மழை வந்தால் என்ன செய்வீங்க?" பக்கத்தில் இருந்த பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள்: "முளையைப் பிடுங்குவோம், சுருட்டுவோம், உள்ளே போய் நூல் நூற்போம். மழை விட்டால் திரும்ப அடிப்போம். இதில் என்ன இருக்கிறது என்று பாட்டி கேட்கிறாள்."

மழை வந்தால் வேலை நிற்காது, வேறு வேலையாக மாறும் என்பதுதான் அந்தப் பதில்.

அசைக்க முடியாத தறி

பவானி ஜமக்காளத்தை நம்மில் பலர் கல்யாண வீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஆங்கிலேய ஆலைத் துணியோடு போட்டி போட முடியாமல் திணறிய நெசவாளர்கள், முரட்டு நூலில் பட்டை பட்டையாக நெய்யத் தொடங்கியது அது. சதுவில் பாவு தெரியும் என்றேன். ஜமக்காளத்தில் நேர் மாறு: தெரிவது ஊடை, மறைவது பாவு. இரண்டும் பட்டைத் துணிகள், இரண்டும் தரையில் விரிக்க உதவுபவை. ஒன்றை ஒன்று பார்க்காமலே வளர்ந்த ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி.

ஆனால் ஜமக்காளத் தறி குழித்தறி. வீட்டுக்குள் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதிக்க வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். குழி வெட்டியதில் காரணம் உண்டு. மண்ணின் குளிர்ச்சி பருத்தி நூலைப் பதமாக வைத்திருக்கும், இழை சட்டென்று அறாது. ஆகவே கொஞ்சம் ஈரம் நல்லது. ஈரம் மீறினால்தான் சிக்கல்.

என் சித்தப்பா முப்பது வருடத்துக்கும் மேல் அந்தக் குழியில் கால் வைத்தவர். போனில் கேட்டால் இப்படிச் சொல்வார்: "கண்ணு, அடைமழையில குழிக்குள்ள காலு வெச்சா சில்லுன்னு ஏறும். முட்டி ரெண்டும் புடிச்சுக்கும். சாயம் போட்ட நூலு நாலு நாளானாலும் காயாது. காயாத நூல வெச்சு என்னத்த நெய்யறது?"

காவிரியும் பவானியும் சேரும் ஊர் அது. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் ஆற்றோரத் தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். குழித்தறியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக முடியாது. சேலம், ஈரோடு பக்கத்து ஊர்களில் 'பாவடி' என்று இடப்பெயர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாவு விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைத்த திறந்தவெளிகள் அவை. வெயிலை நம்பிய இடங்கள். மழையில் கஞ்சிப் பாவை விரித்தால் காயாது, பூஞ்சணம் பிடிக்கும்.

கூலிக் கணக்கில் வராத நாட்கள்

கைத்தறியில் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. சங்கமானாலும் முதலாளியானாலும், இத்தனை துணிக்கு இவ்வளவு. தறி ஓடாத நாளுக்குக் காசு இல்லை. ஆனால் அந்த நாட்களில் நெசவாளர் வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சிக்கெடுப்பது, தார் சுற்றுவது, விழுது பழுது பார்ப்பது, அடுத்த துணிக்கு எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று யோசிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். இதில் பாதிக்கு மேல் செய்வது வீட்டுப் பெண்கள். 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

கலைஞர் என்றால் நாம் மேடையில் இருப்பவரையோ, கண்காட்சியில் பெயர் போட்டவரையோதான் நினைக்கிறோம். என் சுவர்த் துணியைப் பார்த்து "ஆர்ட்டிஸ்டா நீங்க?" என்று கேட்பவர்கள், என் சித்தியை அப்படிக் கேட்டதில்லை. சித்தி நாற்பது வருடமாகச் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே எத்தனை இழை மஞ்சள் விட வேண்டும் என்று கண்ணாலேயே அளந்தவர். அவர் செய்தது கைவேலை, நான் செய்வது கலை என்று பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. என்னுடைய ஈரமான காலைகளை யாரும் வீண் என்று சொல்வதில்லை, 'யோசிக்கிறாள்' என்கிறார்கள். சித்தியின் ஈரமான காலைகளுக்குப் பெயர் 'வேலையில்லா நாள்'. வித்தியாசம் இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு. கடலுக்குப் போகாத நாளும் அந்தத் தொழிலின் ஒரு பகுதி என்று அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. நெசவுக்கும் அதே நியாயம் பொருந்தும். கூலி பேசும்போது மழை நாட்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எண்ணெய் எடுத்ததும் கொடுத்ததும்

சதுவின் கதையில் சந்தோஷம் மட்டும் இல்லை. எண்ணெய் வந்த பிறகு பதூவின் மக்கள் கூடாரத்தை விட்டு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ருவைஸ் சுத்திகரிப்பு ஆலை 1982-ல் முறைப்படி திறக்கப்பட்டது. நாம் எல்லாம் பெட்டியோடு வந்து இறங்க வழி செய்த அதே மாற்றம், இங்கத்திய பெண்கள் தறியை மூட்டை கட்டக் காரணமானது. இளம்பெண்கள் படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நெசவு வயதானவர்களின் கையில் மட்டும் தங்கிவிட்டது. 2011-ல் யுனெஸ்கோ சதுவை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

அதே எண்ணெய்ப் பணம் இப்போது அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அபுதாபி கஸ்ர் அல் ஹோஸ்ன் கோட்டை 2018-ல் மீண்டும் திறக்கப்பட்டபோது, கைவினைஞர்களுக்கென்று அங்கே ஒரு இல்லமும் திறந்தார்கள். குவைத்தில் 1979-லேயே சது நெசவைக் காப்பாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது. 2020-ல் சவூதியும் குவைத்தும் சேர்ந்து தங்கள் சது நெசவை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன.

நம்மிடமும் ஏற்பாடுகள் உண்டு. 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய பொருட்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் நெய்த போர்வை ஜமக்காளம் என்ற பெயரில் கடையில் கிடக்கிறது. இங்கேயும் அதே கதைதான். சது டிசைன் போட்ட மெத்தை உறைகளில் பல இயந்திரத்தில் வந்தவை. சட்டமும் பட்டியலும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். மிச்சம் வாங்குகிறவர் கையில்.

நாம் செய்யக்கூடியது

வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர். அப்பா தறியில் சம்பாதித்ததில் படித்து, இங்கே ஆலையில் வேலை செய்கிறோம். நம் பிள்ளைகளுக்கு ஜமக்காளம் என்றால் பால்கனியில் விரிக்கும் ஏதோ ஒரு துணி. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சது கற்ற சிறுமிகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பாட்டியும் அம்மாவும் கூடி நூற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் கொடுத்த வேலை ரோமத்தைத் தரம் பிரிப்பது. அவ்வளவு சின்ன வேலையில் ஆரம்பித்துத்தான் தறிக்கு வந்தார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைத் தறி இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ஒரு தார் சுற்றிப் பார்க்கட்டும், போதும்.

வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்த டிசைன் என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். நல்ல ஜமக்காளம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தீபாவளி வருவது ஐப்பசியில். நாம் எல்லோரும் ஒரே நேரத்தில், "அடுத்த வாரம் ஆள் வர்றாங்க, கொடுத்து விட முடியுமா?" என்று ஊருக்குப் போன் அடிப்பதும் அப்போதுதான். நூல் காயாத, குழியில் ஈரம் ஏறிய வாரங்கள் அவை. அவசரம் தாங்காமல் நெசவாளர் மறுத்துவிட்டால், நாம் விசைத்தறித் துணியை வாங்கிவிடுகிறோம். முறையை மாற்றிக்கொள்வது கஷ்டமில்லை. ஆவணியிலேயே ஆர்டரைச் சொல்லி முன்பணத்தை அனுப்பிவிடுங்கள். அடைமழை மாதத்தில் அந்தக் காசு வீட்டு அரிசிக்கு உதவும். துணி தை மாத வெயிலில் நெய்து வரட்டும்.