இதய மாத்திரையும் எபோலா வைரஸும்

இதயத் துடிப்பைச் சீராக்க வெரபமில் உட்கொண்டு வரும் முதியவர் ஒருவரின் மகன், அண்மையில் புறநோயாளர் பிரிவில் என்னிடம் கேட்டார்: "அப்பா சாப்பிடுகிற மாத்திரை வைரஸையும் தடுக்குமாமே, டாக்டர்? காய்ச்சல் வந்தால் கூடுதலாக ஒன்று கொடுக்கலாமா?" அவர் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. கொடுக்க நினைத்ததுதான் ஆபத்து.

நம் செல்களின் சவ்வுகளில் சோடியம், கால்சியம் போன்ற அயனிகளை வேண்டியபோது மட்டும் விடும் புரத வாயில்கள் உள்ளன. வயல் மதகைப் போலத் திறந்து மூடுபவை. இதயத்தில் உள்ள கால்சியம் வாயில்களை மட்டுப்படுத்துவதே வெரபமிலின் பணி. செல்லின் உள்ளே இருக்கும் நுண்பைகளின் சவ்விலும் இத்தகைய வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒருவகை, இரட்டைத் துளை வாயில்கள்.

எபோலா வைரஸ் கதவை உடைத்து நுழைவதில்லை. செல்லே அதனை விழுங்கி, ஒரு நுண்பைக்குள் அடைத்து உள்ளே கொண்டு செல்கிறது. பையிலுள்ள நொதிகள் வைரஸின் மேற்புரதத்தை வெட்டுகின்றன. விந்தை என்னவெனில், அந்த வெட்டே வைரஸுக்கு உதவியாகிவிடுகிறது. இனி அது பையின் சவ்வோடு இணைந்து, தன் மரபுப்பொருளை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பை உரிய இடத்தை அடைய வேண்டும். இரட்டைத் துளை வாயில்கள் செயல்படாவிடில் இப்பயணம் நின்றுவிடும். வைரஸ் பைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 2014 முதல் 2016 வரை பரவிய எபோலாவுக்கு 11,000க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அக்காலத்தில்தான், 2015இல், டெக்சாஸ் ஆய்வாளர்கள் இவ்வாயில்களின் பங்கை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். வெரபமில் ஆய்வகச் செல்களில் தொற்றைத் தடுத்தது. சீன மூலிகையொன்றில் உள்ள டெட்ரான்ட்ரின் அதனினும் வலிமையாகச் செயல்பட்டு, சுண்டெலிகளிலும் பயன் தந்தது.

ஆயினும், ஆய்வகத் தட்டில் உள்ள செல்லுக்கு இதயம் இல்லை; மருந்து மிகுந்தால் மயங்கி விழ அதற்கு வழியில்லை. நம் நோயாளிக்கு வெரபமில் மிகுந்தால் நாடி மிகவும் தளரும், இரத்த அழுத்தம் சரியும். மேலும், எபோலா நோயாளிகளுக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை வைரஸையே தாக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள், வெரபமில் அன்று. நம்மூர்க் காய்ச்சல்களைத் தரும் டெங்கு, இன்ஃபுளுயன்சா வைரஸ்களுக்கும் அது மருந்தன்று.

வழக்கமான மாத்திரையை, வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் மட்டும் தருமாறு அந்த மகனிடம் கூறினேன். காய்ச்சலோடு வாந்தி, தலைச்சுற்றல், மிக மெதுவான நாடி ஆகியவற்றுள் எது தெரிந்தாலும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே எங்களை அழைக்கவும் சொல்லியிருக்கிறேன்.