எரிபொருள் கணக்கில் விழும் துண்டு எங்கே போகிறது?

பிரித்தானியாவில் பெற்றோல் நிலையம் நடத்தும் எம்மவர் குடும்பங்கள் பல. அவர்களுடைய கணக்குகளைப் பார்க்கும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வாங்கிய லீற்றருக்கும் விற்ற லீற்றருக்கும் இடையில் எவ்வளவு துண்டு விழுகிறது? "சின்ன வித்தியாசம்தான், விடுங்கோ அண்ணை" என்பதே பெரும்பாலும் வரும் பதில். அந்தச் சின்ன வித்தியாசம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ஸ்ரெட் அருகிலுள்ள பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் களஞ்சியத்தில், 912ஆம் இலக்கத் தாங்கிக்குள் முதல்நாள் மாலையிலிருந்து பெற்றோல் வந்துகொண்டிருந்தது. 3 மணியளவில் மட்டம் காட்டும் மானி இறுகி நின்றுவிட்டது. தாங்கி நிரம்பியதும் வரவை நிறுத்த வேண்டிய ஆளியும் வேலை செய்யவில்லை. 250,000 லீற்றருக்கு மேல் வழிந்து கொட்டியது. 6.01க்கு ஆவி வெடித்தது. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்கள் தப்பின.

வரவு தொடர்கிறது, ஆனால் இருப்பு ஏறவில்லை. பேரேடு எழுதிய எவருக்கும் இது உறுத்தியிருக்கும்.

தாங்கிகளைச் சுற்றி அணைச்சுவர்கள் இருந்தன. ஆனால் சுவரின் மூட்டுகளாலும், குழாய்கள் ஊடுருவிய இடங்களாலும் எரிபொருளும் தீயணைப்பு நீரும் நுரையும் கசிந்து, கீழிருந்த சுண்ணப்பாறை நிலத்தடி நீரை மாசாக்கின.

சுண்ணக்கல்லின் கீழுள்ள நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டதையும் அறிவோம். வாய்க்கால் நீரைப் போல நிலத்தடி நீரை மறித்துத் திருப்ப முடியாது.

ஆகவே முதல் காவல் இருப்புப் புத்தகமே. ஆரம்ப இருப்புடன் பவுசர் இறக்கியதைக் கூட்டி, விற்பனையைக் கழித்தால் வரும் தொகையை, தாங்கியில் அளந்ததோடு தினமும் ஒப்பிட வேண்டும். குளிரில் பெற்றோல் சுருங்கும், வெயிலில் விரியும். எனவே வித்தியாசம் ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் வருவது இயல்பு. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால்தான் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். தாங்கியின் அடியில் தண்ணீர் ஏறினால் மழைநீர் உள்ளே வருகிறது என்று பொருள். தண்ணீர் வரும் வழியால் பெற்றோலும் போகக்கூடும். பவுசர் குழாயைப் பூட்டுமுன் தாங்கியில் போதிய வெற்றிடம் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது மழை. முற்றத்தில் சிந்திய எண்ணெயை மழை கழுவிச் செல்லும். மழைநீர் வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு எதுவுமின்றி ஆற்றில் விழும். அதனால்தான் நிலத்தடியில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைக்கிறார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், நீர் கீழால் வெளியேறும். பவுசரின் ஓர் அறை முழுவதும், அதாவது 7,600 லீற்றர், கொட்டினாலும் தாங்கும் அளவு அதற்கு இருக்க வேண்டும். சேறும் எண்ணெயும் அள்ளப்படாத தொட்டியில் அந்த இடம் இராது.

இன்னொரு தவறு, சிந்திய பெற்றோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. சவர்க்காரம் எண்ணெயை நீரோடு கலந்துவிடும். தொட்டி அதைப் பிரிக்காது, எல்லாம் ஆற்றுக்குப் போகும். முதலில் மணலையோ உறிஞ்சும் துகளையோ கொட்டி மூடி, அள்ளிப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். கார் கழுவும் நீரை அந்தத் தொட்டிக்குள் விடாமல், உரிய அனுமதியோடு கழிவுநீர்க் குழாய்க்கு அனுப்ப வேண்டும்.

நிலத்துக்கு மேலே எண்ணெய்த் தாங்கி ஒன்று மட்டும் வைத்திருப்போர், அதன் கொள்ளளவில் 110 வீதம் கொள்ளும் அணைச்சுவர் கட்ட வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2001ஆம் ஆண்டு விதி. அதில் நீர் வடிக்கத் துளை இருக்கக் கூடாது. மழைநீர் தேங்கினால் கொள்ளளவு குறையும். எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்த நீரை வடிகாலில் விடக் கூடாது.

வடிகாலுக்குள் போய்விட்டால் மறைக்காமல், இங்கிலாந்தில் 0800 80 70 60 என்ற சுற்றாடல் முகவரகத்தின் 24 மணிநேர இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்கச் சொன்னால் பலர் முதலில் வெட்டுவது தொட்டி துப்புரவுக் கூலியைத்தான். மாசைத் துப்புரவாக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், இத்தனை ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கடையும் வீடும் போகலாம். அடுத்தமுறை கணக்குக் கொண்டுவரும்போது விற்பனைச் சிட்டையோடு தாங்கி அளந்த புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். சேர்ந்தே பார்ப்போம்.