உங்களுக்குத் தெரியுமா? புல்தரையும் அருகம்புல்லும்
வீட்டுப் புல்தரைக்கென்று விலை கொடுத்து வாங்கும் ‘பெர்முடா’ புல், நம் வயல் வரப்பில் தானாக முளைக்கும் அருகம்புல்லின் இனம்தான். மண்ணுக்கு மேலும் கீழும் தண்டு ஓட்டிப் பரவுவதால், கோடையில் காய்ந்து கிடந்தாலும் நல்ல மழை கண்டதும் துளிர்த்துவிடும். நிழல்தான் அதற்கு ஆகாது; மாமரத்தடியில் நட்டு ஏமாற வேண்டாம்.

ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். அடியோடு ஒட்ட வெட்டினால் வேரும் குட்டையாகி, சித்திரை வெயிலில் முதலில் கருகுவது அந்தப் புல்தான். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை அதிகாலையில் ஆழமாக நனையப் பாய்ச்சுவதே நல்லது. வேர் கீழே இறங்கும். ஐப்பசி அடைமழையில் நீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். இப்போதே வடிகால் வெட்டி வையுங்கள்!