சென்ட்டும் ஏரும்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையில் நிலம் விலைபேசுவோர் ஏக்கர், சென்ட் என்றே பேசுவர். வீட்டுமனையாயின் பேச்சு சதுர அடிக்கு மாறும். பட்டாவோ ஹெக்டேர், ஏர் என்னும் மெட்ரிக் அளவுகளையே காட்டும்.

இந்தியாவில் எடை, அளவைத் தரச் சட்டம் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கடைத்தெருவில் சேரும் வீசையும் மறைந்து கிலோகிராம் நிலைபெற்றது. நிலக்கணக்கு மட்டும் அவ்வாறு மாறவில்லை. காய்கறி அன்றாடம் நிறுக்கப்படுவது. நிலமோ ஒரு தலைமுறையில் ஓரிரு முறையே கைமாறுவது. பாட்டனார் காலத்துப் பத்திரமும் ஏக்கரிலேயே இருக்க, நா எளிதில் பழகுமா?

சென்ட்டின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. எட்மண்ட் கன்டர் என்பவர் 1620ஆம் ஆண்டளவில் வடிவமைத்த அளவுச் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கு இடையிலான தொலைவும் அதுவே. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதன் நூற்றில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட்.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. பட்டாவில் 0.40.50 ஹெக்டேர் என்றிருப்பின் அது 40.5 ஏர், ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதனை நாற்பது சென்ட் எனக் கொண்டு விற்பவர், எஞ்சிய அறுபது சென்ட்டின் விலையை இழப்பார். இதனாலேயே பத்திரம் எழுதுவோர் பலர் ஹெக்டேர் அளவை அடுத்து ஏக்கர், சென்ட்டையும் சேர்த்தே எழுதுகின்றனர்.